கறுப்பு எங்கே போகிறது?

பழைய பொருட்களைப் படமெடுத்து, கணினியில் அவற்றுக்கு அமானுஷ்யச் சாயல் ஏற்றுவதில் எனக்குத் தீராத ஆசை. துருவேறிய பூட்டு, ரசம் போன கைக்கண்ணாடி, கொலுப்பெட்டியில் கிடந்த மரப்பாச்சி என்று எதுவும் விலக்கில்லை. ஃபோட்டோஷாப்பில் ஆளில்லாத ஒரு தாழ்வாரத்தின் படத்தைத் திறந்து, அதன்மேல் கறுப்புத் துணி முன்னால் எடுத்த மரப்பாச்சியின் படத்தை லேயராக வைப்பேன். கலக்கும் முறைகளில் 'ஸ்க்ரீன்' என்பதைத் தேர்ந்தால் போதும், கறுப்பு மொத்தமும் மறைந்துவிடும். வெளிச்சம் பட்ட இடங்கள் மட்டும் தாழ்வாரத்தில் புகையாய் நிற்கும். பின்னால் இருக்கும் தூண் பொம்மையின் உடம்புக்குள்ளேயே தெரியும்.

பார்க்கிற எல்லோருமே உடனே 'பேய்' என்கிறார்கள். பேயை யாரும் பார்த்ததில்லை. அது ஒளி ஊடுருவும் வெள்ளை உருவமாகத்தான் இருக்கும் என்று இத்தனை பேருக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

'ஸ்க்ரீன்' முறைக்கு அடோபி தரும் விளக்கம் எளிமையானது. இரண்டு ஸ்லைடுகளை ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ச்சினால் என்ன ஆகுமோ, கிட்டத்தட்ட அதுதான். ஒளியோடு ஒளி சேரும். கறுப்பில் ஒளியே இல்லை, சேர்ப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆக, மென்பொருள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்த விதி இது. ஃபோட்டோஷாப்பை எழுதத் தொடங்கிய தாமஸ் நோல் தன் தந்தையின் வீட்டு இருட்டறையில் படம் கழுவப் பழகியவர். மென்பொருள் 1990இல் வெளிவந்தது, லேயர்கள் 1994இல் வந்தன. தேட வேண்டிய இடம் இருட்டறை என்று புரிந்தது.

ஆவிப் படங்களின் வரலாற்றைப் புரட்டினால் முதலில் வருகிற பெயர் வில்லியம் மம்லர். பாஸ்டன் நகரில் நகைகளுக்குச் செதுக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். 1860களின் தொடக்கத்தில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தில், இறந்துபோன உறவுப்பெண்ணின் உருவம் விழுந்திருப்பதாகச் சொன்னார். அப்போது கண்ணாடித் தகடுகளைத் துடைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். சரியாகத் துடைக்காத தகட்டில் பழைய உருவம் மங்கலாக எழும். உள்நாட்டுப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து ஆட்கள் மம்லரைத் தேடி வந்தார்கள். 1869இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது, நிரூபிக்க முடியாமல் விடுதலையானார். லிங்கனின் மனைவி அமர்ந்திருக்க, லிங்கனின் உருவம் அவர் தோளில் கை வைத்து நிற்கிற புகழ்பெற்ற படம் அதற்குப் பின்னர் அவர் எடுத்ததுதான்.

ஆனால் செய்முறை மம்லருக்கும் முந்தையது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் பிரூஸ்டர், கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர், ஸ்டீரியோஸ்கோப் பற்றி 1856இல் எழுதிய நூலில் இதை வெளிப்படையாகவே விளக்கிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல விநாடிகள் ஆகும். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்க, தக்க உடையணிந்த பெண் ஒருத்தி நடுவில் சட்டென்று வந்து சில விநாடி நின்று விலகிவிட வேண்டும். அவளுடைய உருவம் பாதிதான் பதியும், பின்னால் இருக்கும் பொருட்கள் அவள் ஊடாகத் தெரியும். வீட்டில் சிரித்து மகிழ்வதற்கான விளையாட்டாகத்தான் அவர் இதைச் சொன்னார். லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனி அதே உத்தியில் பேய்ப் படங்கள் எடுத்து, வேடிக்கைப் பொருளாகவே விற்றது. ரகசியம் முதலில் ஊருக்கே தெரிந்திருந்தது, ஏமாற்று பின்னால் வந்தது என்பது எனக்குப் பெரும் வியப்பு.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவர் பாரிஸ்காரரான எதுவார் பூகே. என்னைப் போலவே அவரும் பொருட்களை வைத்து ஆவி செய்தவர். முதலில் தன் உதவியாளர்களுக்குத்தான் வேஷம் கட்டினார். அடையாளம் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பொம்மைக்கு மாறினார். பொம்மைக்குச் சல்லாத் துணி சுற்றி, அட்டையில் ஒட்டிய முகத்தைப் பொருத்தி, பாதி ஒளியில் ஒருமுறை படமெடுப்பார். அதே தகட்டை வைத்து வாடிக்கையாளரை மறுபடி எடுப்பார். 1875இல் வாடிக்கையாளராக நடித்து வந்த போலீஸ் அதிகாரி தகட்டைக் கைப்பற்றினார். சோதனையில் பொம்மையும் ஒரு பெட்டி நிறைய முகங்களும் சிக்கின.

சல்லாத் துணி எதற்கு? என் மரப்பாச்சியிடமே சோதித்தேன். செம்மரத்தில் கடைந்த கருத்த உடம்பு அது. அப்படியே எடுத்து 'ஸ்க்ரீன்' முறையில் வைத்தபோது மூக்கின் விளிம்பும் ஒரு தோளும்தான் எஞ்சின, மற்றதெல்லாம் கறுப்போடு கரைந்துவிட்டது. வெள்ளைச் சல்லாவைச் சுற்றிப் பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்தேன். உருவம் முழுசாக எழுந்து நின்றது, மடிப்புகள்கூட மிதந்தன. ஏற்கெனவே ஒளி விழுந்த தகட்டில் நிலைக்க வேண்டுமானால் உருவம் வெளுப்பாக இருந்தே ஆக வேண்டும். பிணத்துக்குப் போர்த்தும் துணியின் நினைவு வெள்ளைப் பேய்க்கு ஒரு காரணம் என்றால், வெள்ளிக்கூட்டு பூசிய தகட்டின் குணம் இன்னொரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தேடலில் என்னை உலுக்கியது தொழில்நுட்பம் அல்ல. பூகே நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பொம்மையையும் முகப்பெட்டியையும் சாட்சிகளிடம் காட்டினார்கள். அதற்குப் பிறகும் பலர் தங்கள் படத்தில் இருப்பது தங்களவர்தான் என்று அடித்துச் சொன்னார்கள். மனைவியை இழந்த ஒருவர், வீட்டில் படத்தைக் காட்டியபோது பிள்ளைகள் அம்மா என்று அடையாளம் கண்டதைச் சொல்லி, அதை மறுக்க மறுத்துவிட்டார். ஒரே அட்டை முகம் வெவ்வேறு குடும்பங்களுக்கு வெவ்வேறு ஆளாகத் தெரிந்திருக்கிறது. 1870–71 போரும் பாரிஸ் கம்யூனின் ரத்தமும் ஆறாத ஊர் அது. பூகேவுக்கு ஓராண்டுச் சிறையும் அபராதமும் கிடைத்தன.

அந்தச் சாட்சிகளை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூகே கொடுத்தது சல்லாவும் மங்கல் முகமும்தான், மிச்சத்தை அவர்களுடைய துக்கம் வரைந்துகொண்டது. உயிரோடிருப்பவர்களின் படத்தில் இப்போது நான் உருவம் எதையும் சேர்ப்பதில்லை, யார் கேட்டாலும். ஆளில்லாத இடங்களில் மட்டும் வைக்கிறேன். எந்தப் பொருளை, எந்த விளக்கில், எதன்மேல் ஏற்றினேன் என்பதைப் பிரூஸ்டர் எழுதியது போலப் படத்தின் கீழேயே எழுதிவிடுகிறேன்.