பக்லியின் சான்ஸ்

பின்னேரம் ஆறு மணிக்கு வெள்ளவத்தை காலி வீதியில் கார் நிறுத்த இடம் தேடினேன். மெல்பேர்னில் வளர்ந்த பெறாமகன் சிரித்தான்: "சித்தப்பா, பக்லிஸ் சான்ஸ்!" துளியும் வாய்ப்பில்லையாம். அவுஸ்திரேலிய வழக்கு.

அந்தப் பக்லி யார் என்பதற்கு ஒரு கதை: வில்லியம் பக்லி, திருட்டுத் துணி வாங்கியதற்காக இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதி. 1803இல் அவுஸ்திரேலியாவின் போர்ட் பிலிப் குடாவிலிருந்து தப்பி ஓடினார். முன்பின் தெரியாத காடு. ஆள் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஒரு புதைகுழியில் நட்டிருந்த ஈட்டியை எடுத்துக்கொண்டு திரிந்தவரைக் கண்ட வாத்தோரோங் பழங்குடி மக்கள், செத்துப்போன தங்கள் உறவினரே திரும்பி வந்துவிட்டார் என்று நம்பிச் சேர்த்துக்கொண்டார்கள். 32 வருட வாழ்க்கை! 1835இல் வெள்ளையர் முன் வந்து நின்றபோது ஆங்கிலமே மறந்திருந்தது. செத்தது 1856இல்.

இவ்வளவு பிழைத்த மனிதனின் பெயரையா நடக்காத காரியத்துக்கு வைப்பார்கள்?

இன்னொரு கதை, மெல்பேர்னில் இருந்த 'பக்லி அண்ட் நன்' என்ற பெரிய கடையைப் பற்றியது. உனக்கு இரண்டே வாய்ப்பு: ஒன்று பக்லி, மற்றது 'நன்', ஆங்கிலக் காதுக்கு அது 'ஒன்றுமில்லை'. வழக்கு பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அப்போது கைதி செத்து எத்தனையோ வருடம், கடையோ நல்ல வியாபாரத்தில் இருந்தது. கைதியின் கதைதான் ருசி. ஆனாலும் என் வாக்கு கடைக்கே.