உப்பு போட்ட சவர்க்காரம்

கண்டிக்கு உப்பு எப்போதும் வெளியூர்ச் சரக்குதான். 1766-ல் டச்சுக்காரரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மலைநாட்டு இராச்சியம் கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுத்தது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் மடைப்பள்ளிக்கு வேண்டிய உப்புகூட அதற்குப் பிறகு அயலார் பிடியிலிருந்த கரையிலிருந்துதான் வந்தாக வேண்டும். தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகள் பாக்கைக் கீழே கொண்டுபோய், உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டுவந்தன. இப்போது லொறி. கட்டுகஸ்தோட்டையைப் புத்தளத்தோடு இணைக்கும் ஏ10 வீதியின் நடுவில் குருநாகல். புத்தளத்தில் உப்பளம், குருநாகலில் தென்னந்தோப்பு. ஒரே வீதியில் வரும் இந்த இரண்டு சரக்கையும் ஒரே வாளியில் கலந்து சவர்க்காரம் செய்கிறவர்களைப் பார்க்கத்தான் கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரு சரிவில் இருந்த அந்த வீட்டுக்குப் போனேன்.

மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். வீட்டுக்கார அக்கா ஹந்தானைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கூட அவருடைய மருமகளும் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணும். தொடங்கியது 2022-ல். “கேஸுக்கு வரிசையில நின்ன வருஷம் தம்பி. கடைச் சவர்க்காரம் வெலயக் கேட்டா அப்படியே திரும்பி வந்துருவோம்” என்றார் அக்கா. குளிர்முறைச் சவர்க்காரத்துக்கு அடுப்பு அதிகம் வேண்டாம் என்பதுதான் அன்றைக்கு அவர்களுக்குப் பெரிய வசதியாக இருந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயை உருக்கும் அளவுக்குச் சூடு போதும். சாதாரண நாளில் அதுவும் வேண்டியதில்லை. ஆனால் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் எண்ணெய் உறைந்துவிடும். கண்டியின் மார்கழிக் காலையில் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது.

கணக்கை மருமகள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். தேங்காய் எண்ணெய் 1 கிலோ, காஸ்டிக் சோடா 146 கிராம், தண்ணீர் 340 கிராம், உப்பு 800 கிராம். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாற 183 கிராம் சோடா வேண்டும். இவர்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் போடுகிறார்கள். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் அழுக்கோடு தோலின் பசையையும் சேர்த்து உரித்துவிடும்; உடம்பு வறண்டு வெள்ளை பூக்கும். மாறாமல் நிற்கும் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான் அதைத் தணிக்கிறது. கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது, எல்லாம் டிஜிட்டல் தராசில். தண்ணீரைக்கூட நிறுத்துத்தான் எடுக்கிறார்கள்.

சோடாவைக் கரைக்கும்போது மருமகள் முழங்கைவரை உறை போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளித் திண்ணைக்குப் போய்விட்டார். “தண்ணிக்குள்ளதான் சோடா. சோடாவுக்குள்ள தண்ணி ஊத்தினா மூஞ்சி போயிரும்” என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். தினமும் சொல்கிற வசனம் போல. மருமகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரைசல் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய் ஆவி விட்டது. பாத்திரம் தடித்த பிளாஸ்டிக். மலையகத்து அடுப்படிகளில் அலுமினியச் சட்டிக்குக் குறைவில்லை, ஆனால் அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா தின்றுவிடும், கூடவே தீப்பற்றும் வாயுவும் கிளம்பும்.

கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றி பிளெண்டரால் அடித்தார்கள். தோசைமாவுப் பதம் வந்ததும் பிளெண்டரை எடுத்துவிட்டு, உப்பைக் கொட்டி அகப்பையால் கிளறினார்கள். தூள் உப்புத்தான். கல் உப்பு தோலைக் கீறும் என்பது ஒரு காரணம். அதில் மக்னீசியம் தங்கியிருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். உப்பளத்தில் அள்ளியதைக் குவித்துக் கசப்பு நீரை வடியவிடுவதே அதைப் போக்கத்தான். சரியாக வடியாத உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுக்காகவும் படியும்.

உண்மையில் உப்பு சவர்க்காரத்துக்குப் பகைதான். தொழிற்சாலைகளில் கொதிக்கும் சவர்க்காரக் குழம்பில் உப்பு சேர்ப்பது சவர்க்காரத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்து மேலே மிதக்கவிடத்தான். தேங்காய் எண்ணெய் மட்டும் இந்தப் பகைக்கு அவ்வளவாக மசியாது. அதில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம். அதிலிருந்து வரும் சவர்க்காரம் உப்புத் தண்ணீரிலும் கரைந்து நுரைக்கும். கப்பலோட்டிகள் கடல்நீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தைத் தேடியதும் இதனால்தான். சிங்களப் பெண்ணின் தாய்வீடு திகனப் பக்கம். டொலமைட் வெட்டியெடுக்கும் பூமி, சுண்ணாம்பு கலந்த கிணற்றுத் தண்ணீர். மற்றச் சவர்க்காரம் அங்கே திரிதிரியாகப் போகுமாம். இது நுரைக்கிறது என்று அம்மா கேட்டு வாங்கிக்கொள்கிறாராம்.

பெட்டியில் ஊற்றிய பிறகுதான் வீட்டில் பரபரப்பு தொடங்கியது. சாதாரணச் சவர்க்காரத்தை ஊற்றிவிட்டு மறுநாள் வெட்டலாம். இது அப்படிக் காத்திருக்காது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சூட்டோடு இறுகுகிறது. முந்தி வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும், பிந்தினால் விளிம்பு உதிர்ந்து மண்ணாகக் கொட்டும். நடுவில் கிடைப்பது கொஞ்ச நேரம். அதை எந்தக் கொப்பியும் சொல்லாது. அறையின் குளிர், உப்பின் ஈரம், பெட்டியின் பலகைக் கனம் எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அக்கா பெட்டியைவிட்டு நகரவில்லை. வாசலில் மீன்காரர் ஹோர்ன் அடித்தும் எழுந்து போகவில்லை. விரல் மடிப்பின் பின்புறத்தால் ஓரத்தை அழுத்திப் பார்ப்பார், பேச்சைத் தொடர்வார், மறுபடி அழுத்துவார். ஒரு தடவை அழுத்திய கையோடு பேச்சைப் பாதியில் விட்டு எழுந்தார். இருபது கட்டிகள் விழுந்தன. கடைசித் துண்டின் மூலை மட்டும் உடைந்தது.

சிங்களப் பெண்ணுக்கு இந்தத் தவிப்பே இல்லை. தனித்தனிச் சிலிக்கன் அச்சில் ஊற்றி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அச்சுக்குக் காசு வேண்டும், ஒரு நாளில் ஊற்றும் எண்ணிக்கையும் குறைவு. இருந்தாலும் நான் செய்தால் அந்த வழியைத்தான் எடுப்பேன். அக்காவிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அச்சில் வார்த்தது கடைச்சரக்கு மாதிரி இருக்கும் என்றார். விருந்தினர் விடுதிக்காரர்கள் கத்தி பட்ட விளிம்பைத்தான் விரும்புகிறார்களாம். அவர்களே கராம்பு மணமும் கேட்கிறார்கள். கராம்பு எண்ணெய் விட்டால் அடிக்கும் பாத்திரத்திலேயே குழம்பு இறுகிவிடும், தோலையும் உறுத்தும். எலுமிச்சைப் புல் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உப்பு தோலுக்கு என்ன செய்யும் என்று கேட்டேன். மருமகள் கடல் தாதுக்களைப் பற்றி ஆரம்பித்தார். அக்கா இடைமறித்தார்: “உப்பு போட்டா கல்லு மாதிரி நிக்கும், கரையாது. எண்ணெயும் மிச்சம். அவ்வளவுதான்.” எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஒரு நிமிடத்தில் கழுவி ஊற்றும் நுரையிலிருந்து தாது எதுவும் உடம்பில் ஏறப்போவதில்லை. ஊற்றும் எடையில் எண்ணெய் நூற்றுக்கு 44 பங்குதான், உப்பு 35. மொத்தக் கொழுப்பைப் பார்த்துக் குளியல் சவர்க்காரத்துக்குத் தரம் போடுகிறவர்களிடம் இது எடுபடாது. ஆனால் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தாண்டிய 2025-ல் இந்த வீட்டுத் தொழில் நின்றுபோகாததற்கு அந்த 35 பங்கும் ஒரு காரணம். அதே வருடம் மழையால் உப்பு விளைச்சலும் கெட்டு, நாட்டிலேயே உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது வேறு கதை. இந்தியாவிலிருந்து இறக்குமதியான உப்பு நன்றாகக் காய்ந்திருந்ததாம், கட்டி அதில் தனி வழவழப்பாக வந்ததாம்.

வெட்டிய கட்டிகள் பிரம்புத் தட்டில் ஏறிக் குறைந்தது ஆறு வாரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்தான் சோதனை. கட்டியின் மேல் முத்து முத்தாக வேர்த்து, கடைக்காரர் கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்புவார். அதனால் பிளாஸ்டிக்கில் சுற்றாமல் காகிதம் மட்டும் சுற்றுகிறார்கள். விற்கும் முன் அக்கா ஒன்றை நனைத்து நாக்கு நுனியில் தொடுகிறார். சுரீர் என்றால் சோடா மிச்சம் இருக்கிறது என்று பொருள். பழைய முறைதான், என்றாலும் எனக்குப் பார்க்கவே கூசியது.

நான் கிளம்பும்போது காகிதத்தில் என்ன அச்சடிப்பது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. எண்ணெய், உப்பு, தண்ணீர், காஸ்டிக் சோடா என்று நாலையும் போட்டிருந்தார் அக்கா. நகரத்துக் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் சோடாவை எடுத்துவிட்டுக் கடல் தாதுக்கள் என்று போடச் சொன்னார். “முடிஞ்ச கட்டியில சோடா கெடையாதுதான் ஐயா, எல்லாத்தையும் எண்ணெய் தின்னுருச்சு. ஆனா போட்டது போட்டதுதானே?” என்றார் அக்கா. பிறகு அவருக்கு மட்டும் காகிதம் சுற்றாமல், எதுவும் எழுதாமல் நாற்பது கட்டி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அதற்குக் கட்டிக்குப் பத்து ரூபாய் குறைக்க வேண்டும் என்று அவர் கேட்க, பேரம் தொடர்ந்தது.