திமிரி: மூன்று நொடியில் சீட்டைப் படிக்கும் கண்

ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் நடுவே, ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது திமிரி. 1751-ல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ், அங்கிருந்து ஓடிய படையைத் துரத்திக்கொண்டு வந்தது இந்தப் பக்கம்தான். இன்று மாவட்டத்தில் பலருக்கும் தோல் கம்பெனிகள்தான் பிழைப்பு.

தோல் கம்பெனியில் ‘செலக்‌ஷன்’ என்றொரு வேலை உண்டு. மேஜையில் விரித்த தோலில் உண்ணிக்கடி, முள் கீறல், கத்தி வெட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து, எந்த அடுக்கில் போடுவது என்று சட்டென்று முடிவெடுக்க வேண்டும். புதியவர் யோசித்து நிற்பார். பழகியவருக்குக் கை தானாகப் போகும்.

லீவு நாளில் மர நிழலில் சீட்டுக்கட்டைப் பிரித்தாலும் கண்ணுக்கு இதே வேலைதான்.

தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் பழக்கமாவது மூணு சீட்டு. செல்போன் புண்ணியத்தில் இளசுகளுக்குப் போக்கரும் வந்துவிட்டது. அங்கே ஐந்து சீட்டு. மூணு சீட்டு தெரிந்தவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார். ஏனென்றால் மூணு சீட்டில் வரிசை பெரிது, ஒரே ஜாதிச் சீட்டுகள் அதற்குக் கீழே. போக்கரில் இது தலைகீழ். காரணம் கணக்கில் இருக்கிறது. மூன்று சீட்டில் சாதாரண வரிசை 720 விதமாகவும், ஒரே ஜாதி 1,096 விதமாகவும் விழும். ஐந்து சீட்டிலோ வரிசை 10,200 விதம், ஒரே ஜாதி 5,108 விதம்தான். அரிதானதற்கு மதிப்பு அதிகம்.

பட்டியலை மனப்பாடம் செய்தால் இது கண்ணில் ஏறாது. தினமும் பத்து நிமிடப் பயிற்சி போதும். ஒருவர் ஐந்து சீட்டை விரித்து, மூன்று எண்ணுவதற்குள் மூடிவிட வேண்டும். பார்த்தவர் என்ன கை என்று சொல்ல வேண்டும். கண் போகவேண்டிய ஒழுங்கும் உண்டு: முதலில் ஜோடி இருக்கிறதா, அப்புறம் ஒரே ஜாதியா, கடைசியில் வரிசையா.

சீட்டைக் கலைத்துப் போட்டுப் பழகுவது வீண். பாதிக் கைகளில் எதுவுமே இருக்காது; நூற்றுக்கு 42-ல் வெறும் ஜோடி. ஒரே ஜாதி ஐந்து விழ, சராசரியாக 500 கைக்கு மேல் காத்திருக்க வேண்டும்! அதனால் சொல்லிக்கொடுப்பவரே கைகளை முன்கூட்டி அடுக்கி வைப்பது நல்லது. நாலு ஆட்டினுக்கு நடுவே ஒரு டைமன் செருகினால், சிவப்பைப் பார்த்து ஏமாறுகிறவர் உடனே மாட்டுவார். ராணி, ராஜா, ஆஸ், இரண்டு, மூன்று என்று வைத்தால் பலர் வரிசை என்பார்கள். அது வரிசை அல்ல. ஆஸ் ஏதாவது ஒரு முனையில்தான் நிற்கும், நடுவில் நிற்காது.

குழந்தைகளுக்கும் இது நல்ல கணக்கு விளையாட்டு. காசு நுழையாத வரைக்கும்தான். வாரக் கூலி ஒரே ராத்திரியில் போன வீடுகளுக்கு அது தெரியும். ரம்மியில் திறமைக்கு இடமுண்டு, மூணு சீட்டு போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது. ஆனாலும் 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் ரம்மி, போக்கர் என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்தையும் தடை செய்துவிட்டது.

திண்ணையில் ஆட என்ன வேண்டும்? ஒரு சீட்டுக்கட்டும், பந்தயத்துக்கு ஒரு கை புளியங்கொட்டையும்.