குருவியை யார் எண்ணினாங்க?

"செல்போன் டவரால சிட்டுக்குருவி அழிஞ்சு போச்சு." இந்த ஃபார்வர்டு உங்க ஃபேமிலி குரூப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். எங்க குரூப்பில் மார்ச் 20, உலக சிட்டுக்குருவி தினம் வந்தாலே பெரியப்பா அனுப்பிடுவார். ப்ராபபிலிட்டி பேப்பர் படிச்சதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான்: யார் எண்ணிப் பார்த்தாங்க?

எண்ணியிருக்காங்க. 2020-ல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 15,500-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இ-பேர்டில் ஏற்றிய 1 கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து எழுதப்பட்டது.

ஆனா வெறுமனே கூட்டினால் ஏமாந்துவிடுவோம். அன்று 10 பேர் பார்த்த இடத்தில் இன்று 1,000 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குருவி பாதியாகக் குறைந்திருந்தாலும் மொத்த எண்ணிக்கை ஏறியிருக்கும். அதனால் விகிதம் பார்க்கிறார்கள்: 100 முழுப் பட்டியல்களில் எத்தனையில் குருவி இருக்கு? முழுப் பட்டியல் என்றால், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதியது. அதில் குருவி இல்லையென்றால், "பார்க்கலை" என்பதும் ஒரு டேட்டாதான்.

இடத்திலும் இதே சிக்கல். பெங்களூருவில் பட்டியல்கள் குவியும். பல மாவட்டங்களில் நாலைந்துகூடத் தேறாது. அதனால் மேப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விகிதம் கண்டு, பிறகு சராசரி எடுக்கிறார்கள். ஒரு ஊரின் சத்தம் மற்ற ஊர்களை அமுக்காது.

முடிவு என்ன தெரியுமா? நாடு முழுவதும் பார்த்தால், 25 வருஷத்தில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கு. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைஞ்சிருக்கு. டவர் கதிர்வீச்சுக்கு வலுவான ஆதாரம் இல்லை. குஞ்சுக்குப் பூச்சியும், கூடு கட்ட இடமும் இல்லாமல் போனது காரணமாக இருக்கலாம்.

இப்போ நம்ம கேம்பஸுக்கு வாங்க. ஹாஸ்டல் பின்னாடி இருக்கும் குட்டையை மூடிப் புது பிளாக் கட்டப் போறாங்க. அங்கே என்னென்ன பறவை வந்ததுன்னு ஒரு பட்டியல்கூட நம்மிடம் இல்லை. நாளைக்கு "எதை இழந்தோம்?"னு யாராவது கேட்டால், எந்த ஃபார்முலாவாலும் பதில் சொல்ல முடியாது. எண்ணாமல் விட்ட வருஷத்தைத் திரும்பப் போய் எண்ண முடியாதே.

மே மாசம் நாங்க கிளம்பிடுவோம். ஜூனியர்ஸ், குட்டையில் இன்னும் தண்ணி இருக்கு. காலையில் 15 நிமிஷம் நின்று, தெரிந்த பறவை எல்லாத்தையும் எழுதி ஏத்துங்க. காக்காவை விட்டுடாதீங்க. குருவி வரலைன்னாலும் ஏத்துங்க.