அம்மாவின் கடன் நோட்டு

தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டது திருவொற்றியூரின் விம்கோ நகர். அங்கே, தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே என் அன்னையார் ஒரு பெட்டிக்கடை நடத்தி வந்தார். 1998இல் அவர் மறைந்த பின், பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். கடற்காற்றில் துருவேறிய அப்பெட்டிக்குள் அவருடைய கடன் நோட்டுகள் பதினொன்று இருந்தன.

“இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? எடைக்குப் போட்டுவிடலாம்” என்றார் அண்ணன். என்னிடம் மறுமொழி இல்லை. அம்மாவின் கையெழுத்துக்காக மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற எட்டும் பழைய பேப்பர் கடையின் தராசில் ஏறின.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு விடுமுறை நாளில் அம்மூன்றையும் பொறுமையாகப் படித்தேன். அவற்றில் கணக்கு மட்டுமா இருந்தது? வாங்கியவரின் மனமும் ஓரக்குறிப்பாகப் பதிவாகியிருந்தது. ‘படம் மாறிய தீப்பெட்டி வேண்டாம் என்றார், குச்சி ஒன்றுதான் என்று சொல்லியும் கேட்கவில்லை’ என்பது ஒரு குறிப்பு. காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கும் ஓர் அக்காவின் பெயருக்கு நேரே, ‘மகளைப் பார்க்கப் போகிறார், இன்று வாசனைச் சோப்பு’ என்று எழுதியிருந்தார். மற்ற நாள்களில் அவர் வாங்கியதெல்லாம் துணி துவைக்கும் சோப்பே.

அக்குறிப்பு எனக்கு எர்னஸ்ட் டிக்டரை நினைவூட்டியது. 1907இல் வியன்னாவில் பிறந்து, 1938இல் அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர் அவர். நுகர்வோர் ஒரு பொருளை ஏன் விரும்புகின்றனர் என்பதை நீண்ட உரையாடல்கள் வழியே ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். சோப்பைப் பற்றிய தொடக்கக்கால ஆய்வொன்றில், குளியல் என்பது அழுக்கைப் போக்குவது மட்டுமன்று, பழைய மனநிலையைக் களைந்து புதிதாகத் தொடங்கும் சடங்கும் ஆகும் என்று கண்டார். மீன்கூடையை இறக்கிவைத்து மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அந்த அக்காவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டிக்டரின் ஆய்வறிக்கைகளும் கடிதங்களும் இன்று டெலவேர் மாநிலத்திலுள்ள ஹேக்லி அருங்காட்சியக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவ்விடம் 1802இல் தொடங்கப்பட்ட வெடிமருந்து ஆலை இருந்த நிலம் என்பது வியப்புக்குரியது. மனித மனத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவதைக் கண்டித்து, 1957இல் வான்ஸ் பேக்கர்டு ஒரு நூலே எழுதினார். தாள்கள் எஞ்சியிருப்பதால்தான் டிக்டரைப் போற்றுவோரும் குறைகூறுவோரும் சான்று காட்டி வழக்காட முடிகிறது.

நம் நாட்டிலும் இத்தகைய அக்கறை உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் போன்றவற்றையும் தம் வாழ்நாளெல்லாம் திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்க வழிசெய்தது. அவ்வாறு 1994இல் உருவானதே சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

ஆவணக் காப்பில் பணியாற்றும் என் முன்னாள் மாணவி ஒருத்தியிடம் நோட்டுகளைக் காட்டினேன். துருப்பிடித்த ஊசிகளை அவள் மெல்ல அகற்றினாள். அமிலமற்ற தாளுறைகளில் இட்டாள். உறைமீது பென்சிலால் மட்டுமே எண்ணிட்டாள். “அடுக்கை மாற்றாதீர்கள் ஐயா. எதற்குப் பின் எது இருந்தது என்பதும் செய்திதான்” என்றாள்.

நானோ வேறோர் எண்ணத்தோடு சென்றிருந்தேன். அம்மா மூன்றாம் வகுப்பு வரையே படித்தவர். பிழைகளைத் திருத்தி, புதிய நோட்டில் அழகாகப் படியெடுத்துவிட வேண்டும் என்று தமிழாசிரியனின் கை பரபரத்தது. மேலே நான் காட்டிய குறிப்புகளும் என்னால் திருத்தப்பட்டவையே. மாணவி சிரித்துக்கொண்டே, “திருத்தினால் அது உங்கள் நோட்டாகிவிடும் ஐயா” என்றாள். அன்று நான் மாணவனானேன்.

பின்னர் அவள் கேட்ட கேள்விதான் என்னைத் திகைக்கவைத்தது: “கடன் வாங்கியவர்களின் பெயர்கள் இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது?” அவர்களின் பிள்ளைகள் இன்றும் அத்தெருவில் வாழ்கின்றனர். ஒரு குடும்பத்தின் வறுமையை ஆய்வுப்பொருளாக்கும் உரிமை எனக்கு இல்லை. தனிமனிதர் பற்றிய தாள்களைக் குறிப்பிட்ட காலம்வரை மூடிவைப்பது ஆவணக் காப்பகங்களின் மரபு என்று அவள் விளக்கினாள். அவ்வாறே, பெயருள்ள பக்கங்களைப் பிறர் பார்வைக்குத் தருவதில்லை என்று முடிவு செய்தேன். காப்பது என்பது எல்லாவற்றையும் காட்டிவிடுவது அன்று.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு கட்டுத் தாள் தராசுக்குப் போகுமுன், ஒருமுறை பிரித்துப் படித்துப் பாருங்கள். தராசு தாளின் எடையை மட்டுமே அறியும். எடைக்குப் போன அந்த எட்டு நோட்டுகளில் என்ன இருந்தது என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது.

எஞ்சியவற்றுள் கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்த மீன்கார அக்காவின் பெயருக்கு நேரே நான்கு ரூபாய் பாக்கி நிற்கிறது. அதன் கீழே அம்மா எழுதியிருக்கிறார்: ‘கேக்க வேண்டாம்’. அந்த எழுத்துப் பிழையை நான் திருத்தவில்லை.