பேத்தியின் பிறந்தநாளும் 550 ரூபாய்க் கடலும்



போன வாரம் பேத்தியின் பிறந்தநாள் படங்களைப் போட்டிருந்தேன் அல்லவா, நீல வெளிச்சத்தில் மீன்கள் தொங்கும் படம். "டீச்சர், எந்த டெக்கரேஷன்காரர்? நம்பர் அனுப்புங்க" என்று ஒன்பது பேர் கேட்டுவிட்டீர்கள். அந்த டெக்கரேஷன்காரர் உங்கள் டீச்சர்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத விரல் வலிக்கிறது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

மகள் மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மாடி வீடு, சின்ன ஹால். மாப்பிள்ளைக்கு நாலு மாதமாக வேலை இல்லை. (இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, இதுல மறைக்க என்ன இருக்கு" என்றார்.) பேத்திக்கு ஏழு வயது நிறைகிறது. அவளோடு படிக்கும் ஒரு பிள்ளையின் பிறந்தநாளைக் 'கடலுக்கு அடியில்' என்று தீம் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். இவளுக்கும் அதேதான் வேண்டுமாம். மகள் விசாரித்ததில் அலங்காரத்துக்கு மட்டும் 14,500 ரூபாய் என்றிருக்கிறார்கள். நான் கல்யாணத்துக்குப் போட்ட வளையலில் ஒன்றை அடகு வைக்கலாமா என்று போனில் கேட்டாள். அதாவது, என்னிடம் அனுமதி கேட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை, "நான் வர்றேன், எல்லாத்தையும் நானே செய்யறேன்" என்றேன். "அம்மா, இது உன் ஸ்கூல் ஆண்டு விழா இல்லம்மா. எல்லாரும் போட்டோ எடுப்பாங்க" என்றாள். சுருக்கென்றது. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

ஆண்டு விழா என்று அவள் சொன்னதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இருந்தேன். விழாவுக்குக் கிரேப் பேப்பர் வாங்க ஆளுக்கு 5 ரூபாய் கொண்டுவரச் சொன்னேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலு நாள் வரவில்லை. காய்ச்சலோ என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள். "காத்தடிக்குது டீச்சர், பத்து நாளா கடலுக்குப் போகல. அஞ்சு ரூபா இல்லாம எப்படிப் போறதுன்னு அழுவுறா" என்றார் அவள் அம்மா. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் அலங்காரத்துக்கென்று எந்தப் பிள்ளையிடமும் காசு கேட்டதில்லை. ஊரில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாம். அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் மானியம் கொடுத்தார்கள். ஒரு வருஷம் முழுக்க உபகரணம் செய்ய அதுதான் காசு. அப்படிப் பழகிய கைக்கு ஒரு ஹால் பெரிய விஷயமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வாடகை வீடு என்றால் சுவரில் கை வைக்காதீர்கள். இரட்டைப் பக்க டேப் உரிக்கும்போது பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லி மாளாது. செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறையில் கம்பிப் பந்தல் போட்டோமே, நினைவிருக்கிறதா? தலைக்கு மேலே கம்பி இழுத்து, நீங்கள் வரைந்ததையெல்லாம் தொங்கவிட்டோம். அதே வேலைதான். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ப்பக்கத் திரைச்சீலைக் கம்பிக்கு நைலான் கயிறு, குறுக்கும் நெடுக்குமாக ஏழு வரிசை. ஆணியும் இல்லை, டேப்பும் இல்லை. காற்றாடி ஓடும் இடத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

கயிற்றின் மேல் என் பழைய நூல் புடவைகள் மூன்றை விரித்தேன். இரண்டு நீலம், ஒன்று மயில் கழுத்து நிறம். இழுத்துக் கட்டாமல் நடுவில் தொங்கவிட்டால் அலை தானாக வரும். அதற்கு மேலே எல்.இ.டி. சீரியல் பல்பு. குண்டு பல்பு வேண்டாம், சூடாகும், துணி பற்றிக்கொள்ளும். மெழுகுவர்த்தி பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் எல்லோரும் கேட்ட அந்தச் சொறிமீன் வேறொன்றுமில்லை, மாப்பிள்ளையின் கம்பி உடைந்த குடை! துணியின் மேல் வெள்ளை கிரேப் பேப்பரைச் சுற்றி, விளிம்பில் இரண்டு விரல் அகலப் பட்டைகளை நீளமாகத் தொங்கவிட்டேன். கிரேப் பேப்பரின் ஓரத்தை விரலால் லேசாக இழுத்துவிட்டால் அலை அலையாகச் சுருளும். குடைக்குள் நாலு சீரியல் பல்பு. அவ்வளவுதான்.

பவளப்பாறைக்கு, தெருவில் கழித்துப் போட்டிருந்த வேப்பங்குச்சிகள். மைதா பசையைத் தடவி, சலித்த மணலில் புரட்டிக் காயவைத்து, ஆரஞ்சும் ரோஸும் பூசினேன். பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் கிண்டிக் காய்ச்ச வேண்டும். பூச்சி வராமல் இருக்க முன்பெல்லாம் மயில்துத்தம் போடுவோம். அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம், ஒருநாள் அலங்காரத்துக்குத் தேவையும் இல்லை. நிஜப் பவளப்பாறைத் துண்டு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல்குதிரை, கடல் அட்டையோடு பவளப்பாறையும் இருக்கிறது.

இப்போது நான் சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து கிழிந்த மீன்வலை ஒன்றைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். சோப்புப் போட்டு நாலு முறை அலசியும் வாடை போகவில்லை. கடைசியில் மொட்டைமாடியிலேயே கிடந்தது. இன்னொன்று, வியாழக்கிழமையே தென்னோலையில் முப்பது மீன் முடைந்து வைத்தேன். சனிக்கிழமை பார்த்தால் எல்லாம் சுருண்டு கருவாடாகிவிட்டது. தென்னோலை என்றால் அன்றைக்கே முடைய வேண்டும், அதுவரை ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். பனையோலை அப்படியில்லை, காய்ந்த ஓலையைக் கொஞ்ச நேரம் நனைத்து முடைந்தால் வருஷக்கணக்கில் இருக்கும். அவசரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பேத்தி ஹாலை எட்டிப் பார்த்தாள். புடவை, உடைந்த குடை, கருகிய ஓலை. "அம்மாச்சி, இது கடல் இல்ல. துணி காயப்போட்ட மாதிரி இருக்கு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டாள். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தியவளுக்கு அந்த நிமிஷம் ஒரு வார்த்தை வரவில்லை. வளையல் விஷயத்தில் தலையிட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அப்போதுதான் மாப்பிள்ளை அறையிலிருந்து வெளியே வந்தார். நாலு மாதமாக அவர் அதிகம் வெளியே வருவதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் 60 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்தார். செல்போனில் ஏதோ பார்த்துவிட்டு, இரண்டு பலூனைச் சேர்த்து முடிந்தார். அப்படி இரண்டு ஜோடியைக் குறுக்கே வைத்து முறுக்கி நாலாக்கினார். அந்த நாலை கயிற்றைச் சுற்றிச் செருகினார். சின்னதும் பெரிதுமாக ஊதியதால் நுரை மாதிரியே வந்தது. காஸ் எதுவும் வேண்டாம், வாய்க்காற்றுதான். ராத்திரி பன்னிரண்டு மணி வரை அப்பாவும் மகளும் ஊதினார்கள். (பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், கைக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும்.)

ஞாயிறு காலை எதிர் வீட்டு, கீழ் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூப்பிட்டு சார்ட்டும் கத்தரியும் கொடுத்தேன். எல்லோரும் ஒரே ஆரஞ்சு மீன்தான் வரைந்தார்கள். படத்தில் பார்த்த மீன். நான் திருக்கை, கணவாய், கிளிமீன், ஊளி, சூடை, ஆவுளியா என்று நம் கடலில் இருப்பதையெல்லாம் வரைந்து காட்டினேன். ஆவுளியா மீன் இல்லை, கடற்பசு, குட்டிக்குப் பால் கொடுக்கும் என்றதும் பேத்தி அழுகையெல்லாம் மறந்து, "நானு, நானு" என்று அதை வாங்கிக்கொண்டாள். என் திருக்கைக்கு வால் நல்ல நீளம். ஆரம்பத்தில் நான் குட்டையாக வரைய, "டீச்சர், திருக்கை வால் அடிச்சா தெரியும்" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் திருத்தினான். நீ இதைப் படித்தால் கைதூக்கு.

வந்த பிள்ளைகள் போகும்போது ஆளுக்கொரு மீனைப் பேர் எழுதி எடுத்துப் போனார்கள். ரிட்டர்ன் கிஃப்ட்டும் அதிலேயே முடிந்தது.

கணக்கு கேட்பீர்கள். கிரேப் பேப்பர் 100, சார்ட் 80, கயிறு 40, சீரியல் பல்பு 150, போஸ்டர் கலர் 120. ஆக 490. மானியத்தில் 10 ரூபாய் மிச்சம் என்று பெருமைப்பட்டேன். மாப்பிள்ளையின் பலூன் 60 சேர்ந்து 550 ஆகிவிட்டது. மைதா வீட்டிலிருந்தது.

விளக்கை அணைத்து சீரியலைப் போட்டதும் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மகள் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் கையில் இரண்டு வளையலும் இருந்தன.

அந்த நாலாம் வகுப்புப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. உங்களில் அவளைத் தெரிந்தவர் இருந்தால், டீச்சர் விசாரித்தேன் என்று சொல்லுங்கள்.

அடுத்த வருஷத்துக்கு விண்வெளி வேண்டுமாம், இப்போதே சொல்லிவிட்டாள். யார் வீட்டிலாவது உடைந்த கறுப்புக் குடை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்