சிக்கு

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்துவிடும். அது உறைய 24 டிகிரியே போதும். ராசிபுரம் பக்கம் விடியற்காலையில் அதற்கும் கீழே இறங்கிவிடும். பாட்டிலை வெந்நீரில் போட்டுவிட்டு, மகளை முன்னால் உட்கார வைத்துச் சீப்பை எடுப்பேன். மனைவிக்கு ஓசூரில் வங்கி வேலை, சனி ஞாயிறுதான் வருவாள். நான் வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறவன். ஆகவே இரட்டை ஜடை என் பொறுப்பு.

மகளுக்கு ஏழு வயது, சுருட்டை முடி. போன டிசம்பரில் ஒருநாள் வேன் வர பத்து நிமிடம் இருந்தது. பின்னங்கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சிக்கு. இழுத்தேன், அழுதாள். இன்னும் இழுத்தேன். வெளியே ஹாரன் கேட்டதும் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கொத்தையே வெட்டிவிட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சாயங்காலம் வந்து, "அப்பா, ஸ்ட்ரெயிட் பண்ணி விட்டுடுப்பா. எல்லாருக்கும் சிரமமா இருக்கு" என்றாள்.

எல்லாருக்கும் என்றால் எனக்கு. அந்தச் சொல் அன்றிரவு தூங்க விடவில்லை.

பார்லரில் விசாரிக்கவும் செய்தேன், மறைப்பானேன். சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். கோளாறு முடியில் இல்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. சுருட்டை முடி முளைக்கும் குழியே வளைந்திருக்கும். இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் கோரை முடியில் வழுக்கி நுனிவரை இறங்கும், சுருளில் இறங்க முடியாது. அதனால் நுனி எப்போதுமே காய்ந்து கிடக்கும். இங்கே மார்கழி, தையில் காலையில் பனி கொட்டினாலும் மதிய வெயிலும் வாடைக்காற்றும் அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். காய்ந்த சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதன்மேல் நான் நெருக்குப்பல் சீப்பை, அதுவும் உச்சியிலிருந்து, இழுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா களத்தில் இறங்கினார். "நீ கம்ப்யூட்டர்ல பாத்ததெல்லாம் அப்பறம் சொல்லு சாமி, மொதல்ல அந்தச் சீப்பத் தூக்கிப் போடு."

அரப்பை வடிகஞ்சியில் கரைத்தார். அரப்பு எங்கள் பக்கத்துச் சரக்கு, உசிலை இலையைக் காயவைத்து இடித்த தூள். எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். சோப்புப் போட்டால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து முடியில் பிசுக்காகத் திரிந்துவிடும். அரப்பில் நுரைக்கிற சப்போனின்கள் அப்படித் திரிவதில்லை. கஞ்சி வழவழப்பு போவதற்குள், ஈரத்தோடேயே விரலை விட்டு, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தார். மகள் ஒருமுறைகூடக் கத்தவில்லை.

அலசியபின் விளக்கெண்ணெய். கடலைக்காட்டில் ஊடுபயிராகக் கொட்டமுத்து போட்ட ஊர் இது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விளக்கெண்ணெய் எங்கள் குளிருக்கெல்லாம் உறையாது. "மண்டைக்கு வச்சா சளி புடிச்சுக்கும். ரெண்டே சொட்டு, நுனிக்கு மட்டும்" என்றார் அம்மா. நான் அரை மணி நேரம் படித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கொண்டை ஊசியை உருவினார்.

முப்பத்தாறு வயதில் முதல்முறையாக என் அம்மாவின் முடியை அவிழ்த்துப் பார்க்கிறேன். நரைத்து, தோள்வரை, சுருள் சுருளாக. மகளுடைய அதே முடி. எனக்கும் அதேதான் இருந்திருக்க வேண்டும். அப்பா மாதம் தவறாமல் ஒட்ட வெட்டிவிட்டதால் தெரியவே இல்லை.

"கலியாணமாயி வந்த மறுநாளு தலைக்கு ஊத்திட்டு வாசல்ல காயவச்சேன். உங்கப்பாயி பாத்துட்டு, பேயாட்டம் இருக்குது, கட்டு புள்ளைன்னாங்க. அன்னிக்குக் கட்டுனதுதான்."

சுருட்டை சோறு போடும், கோரை குடியைக் கெடுக்கும் என்று பழமொழி சொன்ன சனம்தான் நாம். சோறு அம்மா போட்டார். முடியை மட்டும் கட்டச் சொல்லிவிட்டோம்.

ஆன்சைட்டில் மினியாபொலிஸில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். என்னோடு வேலை பார்த்த கறுப்பினப் பெண் ஒருவர் குளிர் முடியும்வரை சின்னச் சின்னப் பின்னல்களாகவே போட்டிருப்பார். கம்பளித் தொப்பிக்குள் சாட்டின் துணி வைத்துத் தைத்திருப்பார். கம்பளி முடியின் ஈரத்தைக் குடித்து, உரசி உடைத்துவிடுமாம். அப்போது சும்மா கேட்டுக்கொண்டேன். முடியின் தன்மையைக் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று 2019இல் கலிபோர்னியா தனிச் சட்டமே போட்டது என்பதை இப்போதுதான் படித்தேன். அந்த ஞாபகத்தில், அம்மாவின் பழைய பட்டுப்புடவைக் கிழிசலில் மகளுக்கு ஒரு தலையணை உறை தைத்தோம். காலையில் சிக்கு பாதியாகக் குறைந்துவிட்டது.

இப்போது ராத்திரியே தளரப் பின்னிவிடுகிறேன். காலையில் தண்ணீர் தொட்டு, அகலப்பல் சீப்பால் நுனியை மட்டும் சரிசெய்து இரட்டை ஜடை. காதோரம் சில சுருள் வெளியே வரத்தான் செய்கிறது. ஜனவரியில் பள்ளி டைரியில் ஒரு குறிப்பு வந்தது: "எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்பவும்."

மகள் டைரியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் கீழே எழுதினேன்: "எண்ணெய் வைத்துத்தான் அனுப்புகிறோம் மேடம். இவள் முடி படியாது. பின்னி அனுப்புகிறோம்."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பாயி முடியும் படியாதுன்னு எழுதுப்பா" என்றாள்.

அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.